கேட்காததும் மறந்ததும்

அன்னம்மாளுக்குக் காது எப்போது மந்தமாகத் தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. மில்லில் வேலை பார்த்த காலத்திலேயே தொடங்கியிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தவள், மகள் தாரணி கல்லூரிக்குப் போகிற வரைக்கும் அங்கேதான் நின்றாள். மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசப் பழகியிருந்தார்கள். தூரத்து மெஷினில் நிற்கிறவளிடம் சத்தமே இல்லாமல் மாமியார் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிடலாம். மில்லை மூடி ஆட்களை அனுப்பிய பிறகும் அன்னம்மாளை விட்டு அந்தப் பழக்கம் போகவில்லை. யார் பேசினாலும் அவர்கள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். பேசினால் காது கொடுத்துக் கேட்கிறவள் என்று பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அவளுக்கு நல்ல பெயர்.

அந்தப் பெயருக்குப் பின்னாலேயே காது மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு அது உறைத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. கணவர் எத்திராஜ் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி முன்னால் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். கடைக்குக் கிளம்பியவளிடம் கண்ணாடியைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். கண்ணாடிக்குள் அசைந்த உதட்டைப் பார்த்து, பால் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தபோது அவர் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மால எங்க?"

அவர் கேட்டது மாலை. அன்னம்மாள் கையிலிருந்த பால் பாக்கெட்டைப் பார்த்தாள். கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அய்யோ, மறந்தே போச்சுங்க."

எத்திராஜ் சிரித்தார். "வயசாவுதில்ல. எனக்குந்தான் நேத்து கண்ணாடிய நெத்தியில வெச்சிக்கினு வீடெல்லாம் தேடுனேன்." அவரே சட்டையை மாட்டிக்கொண்டு மாலை வாங்கப் போனார்.

மறதி என்றால் மன்னித்துவிடுகிறார்கள். அன்று அன்னம்மாள் அதைக் கண்டுபிடித்தாள். செவிடு என்றால் என்ன நடக்கும் என்பதையும் அவள் அறிவாள். எத்திராஜின் அப்பா கடைசிக் காலத்தில் அந்த வீட்டில்தான் இருந்தார். தெருவே அவரை டமாரம் என்றது. கல்யாண வீடுகளில் வாலிபர்கள் அவர் முன்னால் வந்து வெறும் வாயை அசைத்துவிட்டு, அவர் "ஆமாம்ப்பா, ஆமாம்ப்பா" என்று தலையாட்டுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எத்திராஜே அப்பாவிடம் பேசும்போது எரிந்து எரிந்து விழுவார். சோறு போடும்போதுகூட சண்டை போடுகிற குரலில்தான் பேசவேண்டியிருந்தது. மாமனார் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தானும் உட்கார அன்னம்மாளுக்கு மனசில்லை.

அதனால் மறதியைப் பிடித்துக்கொண்டாள். குக்கர் விசில் கேட்காமல் பருப்பு தீய்ந்தால், அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டேன். காவேரித் தண்ணீர் வரும் நாளில் டிரம் நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டு வாசல் வரை ஓடினால், குழாயைத் திறந்ததை மறந்துவிட்டேன். யாராவது கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லிவிட்டால், பாரேன், என்ன கேட்டே என்றே மறந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தை பொருந்தியது.

ஆனால் பொய்யைக் காப்பாற்றுவது லேசான வேலையாக இல்லை. இரண்டு பேர் இருந்தால் சமாளிக்கலாம். நாலு பேர் கூடினால் யார் வாயைப் பார்ப்பது? ஒரு உதட்டைப் பிடிப்பதற்குள் பேச்சு அடுத்த உதட்டுக்குத் தாவியிருக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது மூட்டை தூக்கியவள் மாதிரி தலை கனக்கும். முதலில் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கோயில் பஜனையை. கடைசியாக, மத்தியான வேளைகளில் பக்கத்து வீட்டு பிரிஜெட்டோடு உட்கார்ந்து பேசுவதையும் விட்டாள். ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் பிரிஜெட். இருபது வருஷச் சிநேகம். "ஏன்டி வரமாட்டேங்கிறே?" என்று கேட்டபோது, அன்னம்மாள் முட்டி வலியைச் சொன்னாள்.

எத்திராஜோடும் பேச்சு குறைந்தது. அவருக்கு நாற்காலியும் பேப்பரும், அவளுக்கு அடுப்படி. சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா, விளக்கை அணைங்க. சில நாள் இந்த மூன்றோடு பொழுது முடிந்துவிடும்.

*

தாரணி கல்யாணமாகி பொம்மனஹள்ளியில் இருந்தாள். அவள் புருஷன் ஹரிஷ் ஓசூர் ரோட்டில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தாரணி சில நாள் போன் செய்வாள். "சாப்ட்டியாம்மா? அப்பா எங்க?" பேச்சு அதைத் தாண்டி அதிகம் போகாது. போனில் உதடு தெரியாதே. அதனால் அன்னம்மாள் ஒரு வழி வைத்திருந்தாள். குரல் ஏறி நின்றால் "சரிம்மா." இறங்கி நின்றால் "ஆவட்டும்." நடுவில் ஒரு "உம்."

ஒரு திங்கட்கிழமை அப்படித்தான் போன் வந்தது. எத்திராஜ் வெளியே போயிருந்தார். காதில் ரிசீவரை வைத்தபோது கொசு ரீங்காரம் போல ஏதோ ஏறி இறங்கியது. அப்பா என்ற சொல் மட்டும் பிடிபட்டது.

"சரிம்மா... ஆவட்டும்... அப்பா வந்ததும் சொல்றேன்."

எத்திராஜ் வந்ததும், "தாரணி போன் பண்ணா" என்றாள்.

"இன்னாவாம்?"

"சும்மாதான்."

இருட்டுகிற நேரத்துக்கு தாரணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். துப்பட்டாவில் ரத்தக் கறை. முகம் வீங்கியிருந்தது. செருப்பைக்கூட கழற்றாமல் நேரே உள்ளே வந்தாள்.

"ஏம்ப்பா வரல? மத்தியானத்திலேர்ந்து ஆஸ்பத்திரியில ஒத்தையா நிக்கிறேன்!"

எத்திராஜ் பதறி எழுந்தார். "யாருக்கு இன்னா ஆச்சு?"

தாரணி திகைத்துப்போய் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். ஹரிஷின் வண்டியை சிக்னல் பக்கத்தில் ஒரு டெம்போ இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்தியே ஓடியிருக்கிறாள்.

"அழுதுக்கினே சொன்னேனேம்மா. ஆக்சிடன்ட்டு, அப்பாவை உடனே அனுப்புன்னு எத்தனை தரம் சொன்னேன்! சரி சரின்னியே!"

அன்னம்மாள் மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை ஒரு சொல்கூடத் தப்பவில்லை. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மகள் அழுதது தனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கேட்காமலே சரி சரி என்றதை எப்படிச் சொல்வது?

"மறந்துட்டேன்மா" என்றாள்.

தாரணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் முகத்தில் இருந்த கோபமும் அந்த நொடியில் வடிந்து, அந்த இடத்தில் பயம் வந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எத்திராஜிடம் திரும்பி ஏதோ சொன்னாள். திரும்பிவிட்டதால் அது என்னவென்று அன்னம்மாளுக்குத் தெரியவில்லை.

*

ஹரிஷ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அன்னம்மாளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நல்ல மனிதர்தான். முதலிலேயே, "காது நல்லா கேக்குதாம்மா?" என்று கேட்டார். அவர் நேராகப் பார்த்துக் கேட்டதால் அன்னம்மாளுக்கு விளங்கியது.

"நல்லா கேக்கும் டாக்டர்."

"நான் மூணு வார்த்தை சொல்றேன். நெனப்புல வெச்சிக்கோங்க. அப்புறமா கேப்பேன்." சொல்லிவிட்டு அவர் காகிதத்தின் மேல் குனிந்தார். அடர்ந்த மீசை உதட்டை மூடியிருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி தடதடத்தது. "பேனா. மாம்பழம். குதிரை."

"வேணாமா? சரி டாக்டர், வேணாம்" என்றாள் அன்னம்மாள்.

தாரணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இது என்ன வருஷம்?"

விஷயம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். "மாப்பிள்ளைக்குக் கால் ஒடைஞ்சிடுச்சு. அதான் விஷயம்."

கேள்விகள் தொடர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அறைக்குள் எல்லார் முகமும் மென்மையாகிக்கொண்டே போனதைப் பார்த்தாள். அந்த மென்மைதான் அவளை நடுங்க வைத்தது. கடைசியில் டாக்டர் பேனாவை மூடிவிட்டு எத்திராஜைப் பார்த்துப் பேசினார். பாதி இங்கிலீஷ். அது அவளுக்குப் புரியவில்லை. நடுநடுவே தமிழ் வந்தபோது பக்கவாட்டில் இருந்து உதட்டைப் படித்தாள். மூளை. கொஞ்சம் கொஞ்சமா. தனியா விடாதீங்க.

அதன் பிறகு வீட்டில் ஒவ்வொன்றாக அவள் கையை விட்டுப் போயின. எத்திராஜ் காலையிலேயே சமையல் முடியும்வரை கூட நின்று, முடிந்ததும் காஸ் சிலிண்டரை அடைத்தார். கத்தி பரணுக்குப் போனது. யாராவது வந்தால் அவளைக் கேட்காமல் அவரிடமே, "எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தார்கள். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் எத்திராஜ் வெளியே போகும்போது கிரில் கதவை இழுத்து வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டுப் போனார். அன்னம்மாள் அந்தக் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். தெருவே டமாரம் என்று கூப்பிட்ட மாமனாரைக்கூட யாரும் பூட்டி வைக்கவில்லை.

*

பிரிஜெட் வந்தது அப்படிப் பூட்டியிருந்த ஒரு மத்தியானத்தில்தான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். பாதி முகத்தைத் துண்டால் மூடி, கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு கம்பிக்கு வெளியே நின்றாள். துண்டுக்குள்ளிருந்து ஏதோ கேட்டாள். அன்னம்மாள் புன்னகைத்துத் தலையாட்டினாள். பிரிஜெட் மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே புன்னகை, அதே தலையாட்டல்.

பிரிஜெட் சற்றுநேரம் அவளையே பார்த்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளைப் பார்த்தவள். பின் வரிசையில் இப்படிச் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிற பிள்ளையை அவள் பார்த்திருக்கிறாள். மெதுவாகத் துண்டை எடுத்தாள்.

"உன் புருஷன் செத்துட்டானான்னு கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். ஆமா ஆமான்னு சிரிக்கிறே."

அன்னம்மாளின் சிரிப்பு நின்றது.

"அன்னம்மா, உனக்கு மறதியாடி? காது கேக்கலடி உனக்கு!"

"கத்தாதே" என்று அன்னம்மாள் கம்பி வழியாகக் கையை நீட்டி அவள் வாயைப் பொத்தப் போனாள். வலியில் பிரிஜெட் "அம்மாடி" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்னம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமும் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. மாலையும் பாலும், போன் வந்த அன்று நடந்ததும், டாக்டர் அறையும். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பைத்தியம்னு பூட்டி வெச்சிருக்காங்க, பேசாம இருக்கியே" என்றாள் பிரிஜெட். "காதுக்கு மிஷின் இருக்குது. பூட்டுக்கு இன்னா இருக்குது? இன்னிக்கே எத்திராஜண்ணன்கிட்ட சொல்லிடலாம்."

அன்னம்மாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "முழுசா கேளு. நெசமாவே மறக்குதுடி."

"இன்னா சொல்றே?"

"முதல்ல பொய்தான். இப்ப அப்படி இல்ல. போன வாரம் கொழம்புல ரெண்டு தரம் உப்பு போட்டேன். அதுக்கு முன்னாடி நீலசந்திரா மார்க்கெட்லேர்ந்து வரப்ப, முக்குல நின்னுட்டேன். எந்தப் பக்கம் திரும்பணும்னே தெரியல. நம்ம தெரு பிரிஜெட், நம்ம தெரு! உன் பொண்ணு பேரு ஒரு நாள் பூரா ஞாபகத்துக்கு வரல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொல்லிச் சொல்லி நானே வரவழைச்சிக்கினேனோன்னு பயமா இருக்குது."

பிரிஜெட் கம்பிக்குள் கையை விட்டு அன்னம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, எத்திராஜ் வரும்வரை அங்கேயே நின்றாள். அவர் வந்ததும், முதலில் காதைக் காட்டச் சொன்னாள்.

*

காதைப் பரிசோதித்த பெண்ணின் பெயர் சுப்ரியா. தமிழை நடுநடுவே கன்னடம் கலந்து பேசுகிறவள். அன்னம்மாளை ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னாள். அன்னம்மாள் கண்ணாடிக்கு வெளியே இருந்த சுப்ரியாவின் முகத்தையே பார்த்தாள். சுப்ரியா அதைக் கவனித்துவிட்டு, எழுந்துவந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். அதற்குப் பிறகு அன்னம்மாளின் கை அதிகம் மேலே போகவில்லை.

பிறகு நாலு பேரும் உட்கார்ந்தார்கள். எத்திராஜ், தாரணி, அன்னம்மாள், எதிரே சுப்ரியா. அவள் தாரணியைப் பார்க்காமல் அன்னம்மாளின் முகத்தைப் பார்த்தே, நிதானமாகப் பேசினாள்.

"ரெண்டு காதும் பாதிக்கு மேல போயிருக்கம்மா. மில் சத்தத்துல நரம்பு தேஞ்சிருக்கு. மிஷின் வெச்சா நிறைய கேக்கும். பழைய காது மாதிரி கேக்காது, ஸ்வல்ப வித்தியாசம் இருக்கும்."

"மறதி?" என்றாள் அன்னம்மாள்.

சுப்ரியா கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்தாள். "காது மந்தமானா மூளைக்கு வேலை ஜாஸ்தி. ஒவ்வொரு வார்த்தையும் என்னவா இருக்கும்னு ஊகிச்சு ஊகிச்சே களைச்சிடும். அதை எடுத்து வெச்சுக்கத் தெம்பு இருக்காது. அதோட நீங்க ஜனங்களை விட்டுட்டு ஒதுங்கிட்டீங்க. பேச்சு இல்லேன்னா மனசும் சோர்ந்துடும். காது போனவங்களுக்கு மறதி அதிகமா வருதுன்னு சில டாக்டர்ங்க கவனிச்சு எழுதியிருக்காங்க. எது எதனாலன்னு இன்னும் யாருக்கும் உறுதியா தெரியாது. மிஷின் வெச்சா மறதி போயிடும்னு நான் வாக்கு கொடுக்க முடியாதம்மா. ஆனா, கேக்காததை மறந்துட்டேன்னு சொல்ற வேலையாவது மிச்சம்."

தாரணி சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ அன்னிக்கு போன்ல..."

அன்னம்மாள் மகளைப் பார்த்தாள். "மறக்கலம்மா. கேக்கல."

"கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" தாரணியின் குரல் உடைந்தது. "உனக்கு என் முகம்கூட ஒரு நாளைக்கு மறந்து போயிடும்னு தினம் அழுதுக்கினு இருந்தேன். அவருக்குக் கால் போச்சு, உனக்கு மனசு போச்சுன்னு... எதுக்கும்மா?"

"உங்க தாத்தாவை எப்படி வெச்சிருந்தோம்னு நீ பாக்கலியா?"

அதைக் கேட்டு எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார். தாரணி எழுந்து வெளியே போனாள். அன்னம்மாள் அவள் பின்னால் போகவில்லை. போய் என்ன சொல்வது? கொஞ்ச நேரம் கழித்துத் தாரணி முகம் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் வாசல் ஓரமாக நின்றாள். அந்தக் கோபம் ஆறப் பல வாரங்கள் பிடித்தன.

*

மிஷின் காதுக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்தது. அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் பெங்களூரே அவள் மண்டைக்குள் புகுந்துகொண்டது. ஆட்டோ ஹாரனும் பஸ் பிரேக்கும் ஊசியாகக் குத்தின. வீட்டுக்கு வந்தால் பாத்திரம் வைக்கிற சத்தம், வளையல் சத்தம், அப்பளம் கடித்தால் தலைக்குள் கல் உடைக்கிற சத்தம். "எடுத்து வீசிடுறேன்" என்று கழற்றி மேசையில் வைத்தாள். பிரிஜெட் வந்து மறுபடி மாட்டிவிட்டாள். "கொஞ்ச நேரம், கொஞ்ச நேரமா பழகு. பிள்ளைங்களை ஸ்கூல்ல சேத்தா முதல் வாரம் அழத்தான் அழும்."

ஒரு சாயங்காலம் எத்திராஜ் காபி கேட்டார். அடுப்படியில் திரும்பி நின்றிருந்த அன்னம்மாளுக்கு அது கேட்டது. முகத்தைப் பார்க்காமலே கேட்டது. ஆனால் யாரோ ஒரு கிழவர் கேட்ட மாதிரி இருந்தது. வெளியே எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

"உங்க குரலுக்கு இன்னா ஆச்சு?"

"ஏன்?"

"இப்படிக் கரகரன்னு ஆயிடுச்சே. சளி புடிச்சிருக்குதா?"

"சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது எப்பவோ இப்படி ஆயிடுச்சு அன்னம்."

அவள் மனசில் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தது நடுவயசுக்காரர் ஒருவரின் கணீர்க் குரல். அந்தக் குரல் எப்போது உடைந்தது, எப்போது அதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"வேற எதனா பேசுங்க."

"இன்னா பேசறது?"

"எதனா."

எத்திராஜ் காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார். "பூட்டிட்டுப் போவேனே, அப்போல்லாம் நான் எங்கியும் போகல. முக்குல டீக்கடை பெஞ்சுலயே குந்திக்கினு இருப்பேன். வீட்டுக்குள்ள உன்னைப் பாத்துக்கினு இருக்க முடியல. விட்டுட்டுப் போகவும் முடியல." டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கப்பாகிட்ட இப்படி மனசுல இருக்கறத நான் சொன்னதே இல்ல. சத்தம் போட்டுச் சொல்ற விஷயமா இதெல்லாம்?"

காபி ஆறுகிறவரைக்கும் அவர் பேசினார், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

மழைக்காலம் முடிந்து மறுபடி நரம்பு டாக்டரிடம் போனார்கள். இந்தத் தடவை அவர் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நேராக உட்கார்ந்து பேசினார். வருஷம் சொன்னாள். கிழமை சொன்னாள். முதலமைச்சர் பேரைச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது மெதுவாக, ஆனால் சரியாகவே கழித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆரம்பத்தில் சொன்ன மூன்று வார்த்தைகளைக் கேட்டார்.

"சாவி" என்றாள். "ரயிலு." மூன்றாவது வரவில்லை. நன்றாகக் கேட்ட வார்த்தைதான். கேட்டு, திருப்பிக்கூடச் சொன்னாள். இப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது. துழாவிப் பார்த்தாள். தாரணி தன்னை அறியாமல் உதட்டை அசைத்தாள். 'வாழைப்பழம்' என்று அன்னம்மாளுக்கு அந்த உதட்டில் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு கணம் தயங்கினாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "தெரியல டாக்டர். மறந்துட்டேன். இது நெசமாவே" என்றாள்.

டாக்டர் தலையசைத்தார். போன தடவைக்கு இது எவ்வளவோ மேல் என்றார். காது கேட்கவில்லை என்பதை அப்போதே பரிசோதித்திருக்க வேண்டும், தன் பக்கமும் தவறு இருக்கிறது என்றார். ஞாபகத்தில் லேசான தேய்மானம் இருக்கிறது, அது அப்படியே நிற்கலாம், கூடலாம், இப்போது சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள். ஜனங்களோடு பேசிக்கொண்டே இருங்கள்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அன்னம்மாள் காதுக்குப் பின்னால் இருந்த மிஷினைத் தொட்டுப் பார்த்தாள். மிஷின் எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்துவிடும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது. தாரணி அம்மாவின் தோளில் கையைப் போட்டாள். காதுப் பரிசோதனையின்போது ஒதுங்கி நின்ற அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"நான் வாய அசைச்சதைப் பாத்தேதானே?"

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"போதும்மா. சமாளிச்சது போதும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாரணியும் ஹரிஷும் சாப்பிட வந்தார்கள். ஹரிஷ் ஊன்றுகோலை விட்டுவிட்டு லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தான். பிரிஜெட் கேரட் அல்வா கொண்டுவந்தாள். சாப்பாடு நடுவிலேயே பேச்சு சூடு பிடித்தது. ஹரிஷ் புது மேனேஜரைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்க, எத்திராஜ் குறுக்கே தன் டிப்போ கதையை எடுக்க, தாரணி சிரித்துக்கொண்டே இருவரையும் மறுக்க, பிரிஜெட் அல்வாவுக்கு இன்னும் நெய் விட்டிருக்கலாம் என்று யாரிடமோ சொல்ல, எல்லாம் ஒன்றாகக் கலந்து அன்னம்மாளின் காதில் வெறும் இரைச்சலாக விழுந்தது. இந்த மாதிரி நேரத்தில் மிஷின் கையை விரித்துவிடும். சுப்ரியா முன்பே சொல்லியிருந்தாள்.

அன்னம்மாள் கரண்டியால் தட்டின் விளிம்பில் டங்கென்று தட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒவ்வொருத்தரா பேசுங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எத்திராஜ்தான் முதலில் சிரித்தார். தாரணி தண்ணீர் ஜக்கை நகர்த்திவிட்டு அம்மாவுக்கு எல்லார் முகமும் தெரிகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மாப்பிள்ளே, நீங்க சொல்லுங்க" என்றாள் அன்னம்மாள். "அந்த மேனேஜர் இன்னா பண்ணான்?"

ஹரிஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அத்தையைப் பார்த்து, கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான்.